மூணு டிஸ்க்கும் சொல்லணும்

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் வசந்தகோகிலம் தினமும் உடம்பு எப்படி இருக்குன்னு ரெண்டு வரி எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எவ்வளவு ரத்தம் போகுது, தலை சுத்துதா, படியேறினா மூச்சு வாங்குதா, எல்லாம் எழுதணுமாம். சரி, எழுதுறேன். உடம்பு நல்லாத்தான் இருக்கு. சரியில்லாதது எங்க ஆபீஸ் கிளஸ்டர்தான்.

கிளஸ்டர்னா டாக்டருக்குத் தெரியாது, சொல்லிடுறேன். நாங்க கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுற கம்பெனி. கையில தொடுற கம்ப்யூட்டர் இல்ல. பெரிய சர்வருக்குள்ள நிறைய சின்னச் சின்ன கம்ப்யூட்டர் ஓடுற மாதிரி ஏற்பாடு. ஒவ்வொண்ணுக்கும் வி.எம்.னு பேரு. அதுங்களோட டிஸ்க் ஒரே பெட்டியில இல்ல, ஹால் முழுக்க இருக்கிற மெஷின்கள்ல பரவிக் கிடக்கு. ஒரு வி.எம். எதையாவது எழுதினா, அது மூணு வேற வேற மெஷின்ல இருக்கிற மூணு டிஸ்க்குக்குப் போகணும். மூணும் "எழுதிட்டேன்"னு சொல்லணும். அப்புறம்தான் வி.எம். அடுத்த வேலைக்குப் போகும். ஒரு டிஸ்க் செத்துப் போனாலும் மத்தது காப்பாத்தும். அந்த "எழுதிட்டேன்" சீக்கிரமா வரும்படி பார்த்துக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். இப்ப அது வர மாட்டேங்குது, என் உயிர் போகுது.

ரொம்ப அடிபடுறது ரத்த வங்கி. சுத்துவட்டாரத்துல பாதி ஆஸ்பத்திரிக்கு இவங்கதான் ரத்தம் கொடுக்கறாங்க. போன மாசம்தான் எங்ககிட்ட வந்தாங்க. அங்க சூப்பர்வைசர் அமலோற்பவம் சிஸ்டர். இன்னிக்குப் போன்ல அழாத குறை. "கோமதி, பை என் கையில இருக்குதுங்க. வெளிய ஆம்புலன்ஸ் நிக்குது. ஸ்கிரீன் நகர மாட்டேங்குது. பதியாம பையை வெளிய விடக்கூடாதுன்னு ரூல். நான் என்னங்க பண்ணட்டும்?"

"பார்க்கறேன் சிஸ்டர்"னு சொன்னேன்.

எங்க முதலாளி மௌனசாமி சார். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது, வாய் ஓயாது. மத்தியானம் கூப்பிட்டு, "ஏனுங்க கோமதி, விஜயதசமிக்குள்ள சரி பண்ணலீனா ரத்த வங்கி வேற பக்கம் போயிருமுங்க. நீங்க கேட்ட ஒரு மாச லீவு இருக்குதில்லீங்க, இதை முடிச்சுட்டு அடுத்த நாளே எடுத்துக்கோங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்"ன்னாரு. அந்த லீவு எதுக்குன்னு டாக்டருக்குத் தெரியும். கர்ப்பப்பையை எடுக்கறதுக்கு. கட்டி வளர்ந்து கிடக்கு. முதல்ல கிளஸ்டர், அப்புறம் கட்டி.

செப்டம்பர் 11, வியாழன்

இந்த டிஸ்க்கெல்லாம் வாங்கி மாட்டின அன்னிக்கு டெஸ்ட் ஓட்டிப் பார்த்துட்டு கேக் வெட்டினாங்க. பெரிய பெரிய ஃபைலா எழுதிப் பார்த்தா எந்த டிஸ்க்கும் பறக்கத்தான் செய்யும். டேட்டாபேஸ் அப்படியா எழுதுது? துணுக்குத் துணுக்கா எழுதி, ஒவ்வொரு துணுக்குக்கும் "எழுதிட்டியா, நிஜமா எழுதிட்டியா"ன்னு நின்னு கேட்கும். நல்ல சர்வர் டிஸ்க்குன்னா, கரண்ட் போனாலும் கையில இருக்கிறதை எழுதி முடிக்கிற அளவுக்கு உள்ளுக்குள்ளயே கொஞ்சம் சார்ஜ் வெச்சிருக்கும். அந்தத் தைரியத்துல டக்குன்னு பதில் சொல்லும். எங்களது லேப்டாப்புல போடுற ரகம். ஒவ்வொரு தடவையும் அடிவரைக்கும் எழுதிட்டு வந்துதான் பதில் சொல்லும். பாவம், அதைத் திட்டி என்ன செய்ய.

டிஸ்க்கை மாத்தணும்னு சார்கிட்ட சொன்னேன். "அடுத்த வருஷம் பார்க்கலாமுங்க. இப்ப நீங்க செட்டிங்ஸ்ல ஏதாச்சும் பண்ணுங்க"ன்னாரு. செட்டிங்ஸாம். என்னமோ உப்பு உறைப்பு பார்த்துப் போடுற மாதிரி.

செப்டம்பர் 13, சனி

இன்னிக்குப் போனது அதிகம். ஏசி ஒத்துக்கலைன்னு சொல்லிட்டு மதியமே வீட்டுக்கு வந்துட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒரு சின்ன வெற்றி. சர்வரெல்லாம் கரண்டு மிச்சம் பிடிக்கிறேன்னு, ரெண்டு வேலைக்கு நடுவுல சொக்கிச் சொக்கி விழுந்திட்டிருந்திருக்கு. எழுப்பி வேலை வாங்கறதுக்குள்ள நேரம் போயிருது. அந்த மிச்சம் பிடிக்கிறதை அணைச்சேன். கொஞ்சம் தேவலை.

என் டீம்னு சொல்றது நிஜாமுதீன் ஒருத்தன்தான். உடுமலைப்பேட்டைக்காரன், முப்பது வயசு, போன மாசம்தான் பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. பக்கத்து சீட்ல இருந்து, "அக்கா, என்னக்கா அது எந்நேரமும் கறுக்கு முறுக்குன்னு?"ன்னு கேட்டான். பேனா டப்பாவுல பச்சரிசி வெச்சிருக்கேன். வாய்க்குப் பிடிச்சிருக்கு, மெல்லுறேன். யார் அப்பன் வீட்டு அரிசி?

சாயங்காலம் மறுபடி வந்து நின்னான். "போன்ல தேடிப் பார்த்தேன்க்கா. உடம்புல ரத்தம் ரொம்பக் குறைஞ்சா இப்படித்தான் அரிசி, சாம்பல்னு திங்கத் தோணுமாம்."

"உனக்கு வேற வேலை இல்லையால? கிராஃபைப் பாரு"ன்னேன். முகம் சுருங்கிப் போயிட்டான்.

செப்டம்பர் 19, வெள்ளி

சர்வரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியில ஒரே ஒரு போர்ட், மத்த எல்லாம் பெரிய பொட்டலமா அனுப்பும்போது அது மட்டும் சின்னப் பொட்டலம்தான் வாங்குவேன்னு அடம் பிடிச்சிட்டிருந்திருக்கு. ஒரு வாரமா கண்ணுல விரலை விட்டு ஆட்டினது அதுதான். கண்டுபிடிச்சு மாத்தியாச்சு. ஹாலுக்கு மூணு தடவை ஏறி இறங்கினேன். மூணாவது தடவை நடுப்படியில உட்கார்ந்துட்டேன். செருப்பு வார் அறுந்த மாதிரி பாவனை பண்ணிக்கிட்டேன், யாரும் கேட்கல.

அமலோற்பவம் சிஸ்டர் போன் பண்ணாங்க. "முன்னைக்கு இப்ப பரவால்லீங்க கோமதி. ஆனா காலைல கூட்ட நேரத்துல அதே கதைதான். நேத்து ஒரு ஆளு கவுண்டர்ல கையை ஓங்கிட்டு வந்துட்டாருங்க. அவரு மேலயும் தப்பில்ல, உள்ள சம்சாரம் கிடக்குது."

செப்டம்பர் 22, திங்கள்

டாக்டரைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் ஆறுக்கு வந்துருச்சாம். ரத்தம் ஏத்தாம மயக்க மருந்து கொடுக்கவே முடியாது, இன்னிக்கே படுங்கன்னாங்க. விஜயதசமி முடியட்டும்னு சொன்னேன். முறைச்சாங்க. இதையும் படிப்பாங்க, படிக்கட்டும்.

வீட்டுல இவருக்கு வந்ததே கோபம். இவர் பம்ப் கம்பெனியில போர்மேன், வீட்டுல சத்தம் போடவே மாட்டாரு. இன்னிக்கு டம்ளரை டங்குன்னு வெச்சாரு. "நீ இல்லன்னா அந்தக் கம்பெனி இழுத்து மூடிருவானா? உனக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு இருக்கா?"

"ஒண்ணும் ஆகாது, பத்து நாள்தானே"ன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. பாதி சோறு தட்டுல அப்படியே கிடந்தது. எனக்கும் இறங்கல.

செப்டம்பர் 24, புதன்

டிஸ்க்கெல்லாம் தன்னைத்தானே சரிபார்த்துக்கிற வேலை ஒண்ணு உண்டு. அது பகல்ல ஓடிட்டிருந்ததை ராத்திரிக்குத் தள்ளினேன். இதோட என் கையில இருக்கிறதெல்லாம் தீர்ந்தது. முன்னைக்குப் பாதி நேரம்தான் ஆகுது இப்ப. ஆனா ரத்த வங்கி கேட்கிறது அதுலயும் பாதி. நல்ல டிஸ்க் இல்லாம அது வராது. சார்கிட்டப் போய்ச் சொன்னேன். "அப்ப லீவுங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. மனுஷன் ஒரே கேள்வியோட நிறுத்தினது இதுதான் முதல் தடவை.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நிஜாம் குனிஞ்சு மெதுவா, "அக்கா, ரத்த வங்கி வி.எம்.முக்கு மட்டும் கேஷை அன்சேஃப்ல வெச்சா..."ன்னான்.

"வாயை மூடு."

அது என்ன செய்யும்னா, டிஸ்க்குக்குப் போறதுக்கு முன்னாலயே, மெமரியில இருக்கும்போதே, "எழுதியாச்சு"ன்னு வி.எம்.கிட்டச் சொல்லிடும். பச்சைப் பொய். மின்னல் மாதிரி ஓடும். கரண்டு ஒழுங்கா இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்துல மெஷின் நின்னுச்சுன்னா போச்சு. டேட்டாபேஸ் எதை நம்பி அடுத்ததை எழுதிச்சோ, அது இருக்காது.

"ஒரு மாசத்துக்குத்தானேக்கா. நீங்க ஆபரேஷன் முடிச்சு வந்ததும் எடுத்துருவோம். யு.பி.எஸ். இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு."

"அது ரத்த வங்கிடா. பாட்டுக் கச்சேரி டிக்கெட் இல்ல"ன்னேன். அவன் தன் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கிட்டான்.

செப்டம்பர் 27, சனி

காலைல வந்து பார்த்தா, ரத்த வங்கி வி.எம். "எழுதிட்டேன்"னு பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்குதுன்னு காட்டுற கிராஃப் தரையோட தரையா ஓடுது. நேத்து வரைக்கும் ரம்பப் பல்லு மாதிரி இருந்தது.

நிஜாம் மும்முரமா எதையோ டைப் பண்ணிட்டிருந்தான். தலையைத் தூக்கல. அந்த வி.எம்.மோட செட்டிங் பக்கத்தைத் திறந்தேன். கண்ணு மேல இருந்து கீழ ஓடிச்சு. அதுக்குள்ள தலை சுத்துற மாதிரி இருந்தது, மூடிட்டேன். ராத்திரி சரிபார்க்கிற வேலையை மாத்தினதோட பலன் இப்பத்தான் தெரியுது போல. அப்படியும் நடக்கும்.

டீ குடிக்கப் போனேன். நிஜாம் வரல.

செப்டம்பர் 29, திங்கள்

அமலோற்பவம் சிஸ்டர் போன்ல சிரிக்கிறாங்க. இத்தனை நாள்ல அவங்க சிரிச்சு நான் கேட்டதில்ல. "கோமதி, கை வைக்கறதுக்கு முன்னாடி பதிஞ்சுருதுங்க! என்ன மாயம் பண்ணீங்க?" வேலைதான் சிஸ்டர்னு சொன்னேன்.

மௌனசாமி சார் ஆபீஸ் முழுக்க ஜாங்கிரி கொடுத்தாரு. எனக்கு ரெண்டு. வியாழக்கிழமையில இருந்து லீவு, கையெழுத்தே போட்டுட்டாரு. இவர்கிட்டச் சொன்னதும் போய்ப் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பிச்சுட்டாரு. நைட்டி நாலு, துண்டு ரெண்டு, பிளாஸ்க். அவர் அடுக்கறதைப் பார்த்துட்டே படுத்திருந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் தூக்கம் வந்தது.

செட்டிங்கைத் திரும்பப் பார்க்கணும்னு நினைச்சேன். நாளைக்குப் பார்க்கலாம். களைப்பா இருக்கு.

அக்டோபர் 2, வியாழன், காலை

ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எழுதுறேன். கை நேரா ஓடல, டாக்டர் பொறுத்துக்கணும்.

நேத்து ஆயுத பூஜை. எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் சர்வர் ஹால்ல ஒவ்வொரு ரேக் கதவுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. எங்க லேப்டாப், கீபோர்டு எல்லாத்தையும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால வரிசையா அடுக்கிருவாங்க, மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. யு.பி.எஸ். ரூமையும் விட மாட்டாரு சார். "அதுதானுங்க நம்ம குலதெய்வம், பளிச்சுனு இருக்கோணும்"ன்னு தூசி தட்டச் சொல்வாரு. அங்க பராமரிப்பு பார்க்கிற ஆள் ஹாலுக்குக் கரண்டு போற ரெண்டு லைன்ல ஒண்ணை அணைச்சுத் துடைச்சுட்டு, அதைத் திரும்பப் போடாமலே அடுத்ததையும் அணைச்சுட்டாரு. பொரி, கடலை கொடுத்துட்டிருக்கும்போது மொத்த ஹாலும் அடங்கிருச்சு. அந்த ஹால்ல சத்தம் இல்லாம நான் பார்த்ததே இல்ல. எல்லாரும் கையில பொரியோட அப்படியே நின்னுட்டாங்க.

ஓடிப்போய்ச் சாமி முன்னால இருந்து என் லேப்டாப்பை எடுத்தேன். "பூஜையில வெச்சதை எடுக்கறீங்களே!"ன்னு சார் கத்தினாரு. "சாமி கோச்சுக்காது, நீங்க தள்ளுங்க"ன்னேன்.

கரண்டு வந்ததும் மெஷினை ஒவ்வொண்ணா எழுப்பினோம். கிளஸ்டர் ஒழுங்கா எந்திரிச்சு வந்தது. ஒரு டிஸ்க்கும் சாகல, மூணு மூணு காப்பியும் பத்திரம். மத்த வி.எம். எல்லாம் ஓட ஆரம்பிச்சிருச்சு. ரத்த வங்கியோடது மட்டும் திறக்கல. டேட்டாபேஸ் உடைஞ்சு கிடந்தது.

நிஜாம் சுவர்ல சாய்ஞ்சு நின்னுட்டிருந்தான். உதடு வெளுத்துப் போச்சு. "அக்கா... உங்களுக்கு லீவு கிடைக்கட்டும்னுதான்க்கா. நீங்க படியில உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்க்கா." அழுதுட்டான். எனக்கு அவனை அறையணும்னும் இருந்தது, தலையைத் தடவணும்னும் இருந்தது. ரெண்டும் செய்யல. "வா, பேக்கப் எடு"ன்னேன்.

அன்னிக்கு விடியக்காலை எடுத்து வெச்சிருந்த பேக்கப்பைப் போட்டு எழுப்பினோம். அதுக்கப்புறம் பதிஞ்சது எல்லாம் போச்சு. முந்தின நாள் எடுத்த பைகளோட சோதனை முடிவையெல்லாம் நேத்துக் காலையிலதான் பதிஞ்சிருக்காங்க. எந்தப் பை நல்லது, எதுல நோய் இருக்கு, எது என்ன குரூப், ஒண்ணும் இல்ல. பதிவு இல்லாத பை வெளிய போகாது.

கடைசிக் கட்டளையைத் தட்டினது நினைவிருக்கு. எந்திரிச்சது நினைவிருக்கு. அப்புறம் நிஜாம் "அக்கா, அக்கா"ன்னு கூப்பிட்டது எங்கயோ தூரத்துல கேட்டது. கண்ணு முழிச்சப்போ இவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு. திங்கக்கிழமை அடுக்கின அதே பை, காலடியில.

அதே நாள், சாயங்காலம்

என் குரூப் பி நெகட்டிவ். சாதாரணமாவே கிடைக்காது. பக்கத்துக் கட்டில்ல கனகாம்பரம்னு ஒரு பிள்ளை, பிரசவத்துல நிறைய ரத்தம் போயிருச்சு, அவளுக்கும் அதே குரூப். அவ அம்மா காலையில இருந்து வாசலுக்கும் கட்டிலுக்குமா நடக்கறாங்க. நர்ஸ், "ரத்த வங்கியில கம்ப்யூட்டர் கோளாறுங்கம்மா. எல்லாப் பையையும் திரும்பச் சோதிக்கிறாங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

அந்தம்மா என்னைப் பார்த்து, "என்னங்க கண்ணு இது, கம்ப்யூட்டருக்கும் ரத்தத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"ன்னு கேட்டாங்க. தண்ணி வேணும்னு சொல்லி இவர் பக்கம் திரும்பிக்கிட்டேன். நான் வெட்கப்பட்டேன். என் வாழ்க்கையில இப்படி வெட்கப்பட்டதில்ல.

மத்தியானம் ஒரே ஒரு பை வந்தது. டாக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கோமதி, அந்தப் பொண்ணுக்குத்தான் முதல்ல"ன்னாங்க. இதுல கேட்க என்ன இருக்கு? ஏத்துங்க டாக்டர்னேன். அந்தம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டேன்.

நாலு மணிக்கு மௌனசாமி சார் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமா வந்தாரு. குரலைத் தணிச்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு. "நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. கரண்டுக் கோளாறுல டேட்டா போயிருச்சுன்னு சொல்லிட்டேனுங்க. அவங்களும் நம்பிட்டாங்க. அந்த நிஜாம் பையன் என்னமோ மாத்தி வெச்சிருந்தானாமா, அவனை நிறுத்திட்டேன். விஷயம் வெளிய போகாதுங்க."

"கரண்டுக் கோளாறு மத்த வி.எம்.முக்கும்தானே சார்? அதுல ஏன் ஒண்ணும் போகல?"

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்? படுங்க, படுங்க."

"அவனை நிறுத்தினா என்னையும் நிறுத்தணும் சார். அவன் மாத்தினான். நான் சனிக்கிழமையே பார்த்தேன். டாக்டருக்கு எழுதுற நோட்டுலகூடப் பார்த்தேன்னு எழுதல, தலை சுத்துதுன்னு எழுதினேன். வேகமா ஓடிச்சு, எனக்குத் தூக்கம் வந்தது, விட்டுட்டேன்."

இவர் ஜன்னல் பக்கம் நின்னுட்டிருந்தாரு. திரும்பி என்னைப் பார்த்தாரு.

போனை எடுத்து அமலோற்பவம் சிஸ்டருக்குப் போட்டேன். சார் முன்னாலயேதான். சுத்தி வளைக்கல. டிஸ்க் எழுதறதுக்கு முன்னாலயே எழுதியாச்சுன்னு சொல்லும்படி வெச்சிருந்தோம் சிஸ்டர், கரண்டு மேல தப்பில்ல, எனக்குத் தெரியும், தெரிஞ்சும் விட்டேன், நேத்தே அதை எடுத்தாச்சு, இனிமே பழையபடி மெதுவாத்தான் ஓடும்னு சொன்னேன். அங்க பின்னால ஏதோ மெஷின் ஓடுறது கேட்டது.

அப்புறம் சொன்னாங்க. "ஞாயித்துக்கிழமை பூசையில நாங்க எல்லாரும் உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினோமுங்க கோமதி. நல்லபடியா ஆக்கிக் கொடுத்த பொண்ணு, அவளுக்கு நல்ல சுகத்தைக் குடு ஆண்டவரேன்னு."

எனக்கு அழுகை வந்தது. போனை வைக்காமலே அழுதேன்.

"உங்க பை இங்கதான் இருக்குது. ராத்திரிக்குள்ள சோதிச்சு முடிச்சிருவோம். என் கையாலயே பதிஞ்சு அனுப்பறேன்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. கோபமா சொன்னாங்களா, எப்படிச் சொன்னாங்கன்னு எனக்குப் புரியல.

சார் ஆப்பிளை மேஜை மேல வெச்சுட்டு எப்பப் போனாருன்னு தெரியல. இவர் கட்டில்ல வந்து உட்கார்ந்து என் காலைப் பிடிச்சு விட்டுட்டிருக்காரு. பக்கத்துக் கட்டில்ல அந்தப் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டா ஏறிட்டிருக்கு. எனக்கு இன்னும் வரல.